தானியங்கி வெண்டிலேட்டரும் ராத்திரி ஷிப்டும்

ஒரு குழந்தையை வெண்டிலேட்டரில் போடுவதைவிட அதிலிருந்து எடுப்பதுதான் சிரமம். போடுவது அவசரத்தில் நடக்கிறது. நான்கு பேர் சுற்றி நிற்பார்கள், தொண்டைக்குள் ட்யூப் இறங்கும், சில நிமிடங்களில் இயந்திரம் மூச்சுவிடத் தொடங்கிவிடும். எடுப்பதற்கு அப்படியொரு கணம் கிடையாது. அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்க வேண்டும். குழந்தை தானாக எவ்வளவு இழுக்கிறது, விலா எலும்புகளுக்கு நடுவே பள்ளம் விழுகிறதா, நாடித்துடிப்பு ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். தாங்காவிட்டால் பழைய அளவுக்கே திரும்ப ஏற்ற வேண்டும். சீக்கிரம் எடுத்துவிட்டால் குழந்தை திணறி, மறுபடி ட்யூப் போட நேரும். தாமதித்தாலோ நுரையீரலில் தொற்று சேரும், மூச்சுக்குழல் புண்ணாகும், தூங்கவைக்கக் கொடுக்கும் மருந்து உடம்புக்குப் பழகிப்போய் அதை நிறுத்துவதே தனி வைத்தியமாகிவிடும்.

இந்த வேலைக்கு மேதைமை தேவையில்லை. பக்கத்திலேயே இருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிற ஒரு ஆள் வேண்டும். காலை பத்து மணிக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அப்படிப்பட்ட ஆள்கள் கூட்டமாகவே இருப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, பல இடங்களில், “காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்பதுதான் முடிவு. குழந்தை தானாக மூச்சுவிடத் தயாராகியிருந்தாலும் விடியும்வரை இயந்திரத்தில் கிடக்கும். தானியங்கி வெண்டிலேட்டர் என்ற யோசனை பிறந்ததும் வளர்ந்ததும் இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

பாரிஸுக்கு வெளியே கிரெத்தேய் என்ற ஊரில் ஆன்றி மொந்தோர் மருத்துவமனை இருக்கிறது. 1990களில் அங்கே மிஷேல் தொஜா, லோரான் ப்ரொஷார் ஆகியோர் கணினி அறிஞர்களைச் சேர்த்துக்கொண்டு, வெண்டிலேட்டரின் அழுத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஒரு நிரலை எழுதினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் நியோகணேஷ். பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் விவரம் 1997இல் வெளியானது. பிறகு ஜெர்மனியின் டிரேகர் நிறுவனம் அதையே ‘ஸ்மார்ட்கேர்’ என்ற பெயரில் தன் வெண்டிலேட்டரில் சேர்த்து விற்றது.

அது செய்வது ஒரு நல்ல நர்ஸ் செய்வதைத்தான். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஒரு மூச்சில் எவ்வளவு காற்று, வெளிவிடும் காற்றில் எவ்வளவு கரியமில வாயு என்று மூன்று அளவுகளைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்க்கும். மூன்றும் சரியான எல்லைக்குள் இருந்தால் இயந்திரத்தின் உதவியை ஒரு படி குறைக்கும். மூச்சு வேகமெடுத்தால் ஒரு படி ஏற்றும். கடைசிப் படிக்கு வந்து அங்கேயே நிலைத்தால், நோயாளியைப் பிரித்துப் பார்க்கலாம் என்று திரையில் எழுதும். ட்யூபை எடுப்பது மனிதர் வேலை.

இந்த நிரலை வைத்துப் பெரியவர்களிடம் நடந்த இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் விளங்கும். ஐரோப்பாவின் ஐந்து பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 144 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், இயந்திரத்திலிருந்து விடுவிக்க எடுத்துக்கொண்ட காலம் ஐந்து நாளிலிருந்து மூன்று நாளாகக் குறைந்தது. இரண்டு வருடம் கழித்து ஆஸ்திரேலியாவில் 102 பேரிடம் நடந்த ஆய்வில் வித்தியாசமே இல்லை. நிரல் ஒன்றுதான், நோயாளிகளும் ஏறத்தாழ ஒரே வகைதான். ஆனால் ஆஸ்திரேலிய தீவிர சிகிச்சைப் பிரிவில் வெண்டிலேட்டரில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு நர்ஸ், அதுவும் அந்த வேலையில் தேர்ந்தவர், இரவு பகலாக உட்கார்ந்திருக்கிறார். வெண்டிலேட்டரின் குமிழைத் திருப்பும் அதிகாரமும் பெருமளவு அவரிடம் இருக்கிறது. அவர் செய்வதற்கு மேல் இயந்திரம் செய்ய ஒன்றுமில்லை. கைகள் குறைவாக உள்ள இடத்தில்தான் தானியங்கிக்கு வேலை இருக்கிறது. என் கண்ணில் படுகிற முரண் என்னவென்றால், இந்த ஆய்வுகள் எல்லாம் கைகள் நிறைந்த இடங்களில்தான் நடந்திருக்கின்றன.

குழந்தைகளைப் பற்றிய சான்றுகள் இன்னும் மெல்லியவை. கனடாவின் மொன்றியால் நகரில் செயின்ட்-ஜஸ்டீன் குழந்தைகள் மருத்துவமனையில் ஃபிலிப் ஜூவே என்ற மருத்துவர் இதில் நெடுங்காலம் உழைத்திருக்கிறார். 2013இல் வெளியான அவருடைய சிறிய ஆய்வில் 30 குழந்தைகள். பாதிப் பேருக்கு ஸ்மார்ட்கேர், மீதிப் பேருக்கு வழக்கமான முறை. தானியங்கிக் குழுவில் விடுவிக்க எடுத்த நேரத்தின் நடு அளவு 21 மணி, மற்றதில் 90 மணி. மலைக்கவைக்கும் வித்தியாசம், முப்பது பேரை வைத்து வந்தது என்பதால் மலைப்பைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். அதோடு அந்த நிரல் 15 கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அனுமதிக்கப்படவில்லை. பதினைந்து கிலோ என்றால் நம்மூரில் நாலு, ஐந்து வயதுப் பிள்ளை. மூச்சுத்திணறலோடு தூக்கிவரப்படும் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டாதவர்கள். யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

ஏன் இந்த எல்லை? மூன்று கிலோ எடையுள்ள சிசு ஒரு மூச்சில் இழுப்பது ஏறத்தாழ 18 மில்லிலிட்டர் காற்று. சிரப் பாட்டிலோடு வரும் பத்து மில்லி மூடி இரண்டு நிரம்பாது. ட்யூபைச் சுற்றி இரண்டு மில்லி கசிந்தாலே பத்தில் ஒரு பங்குக்கு மேல் கணக்குத் தப்பிவிடும். குழாய் இணைப்புகளுக்குள் தங்கும் பயனற்ற காற்று பெரியவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. சிசுவுக்கு அது மூச்சில் பெரும் பங்கு. குழந்தை மூச்சிழுக்கத் தொடங்குவதை இயந்திரம் உணர வேண்டும். அந்த இழுப்பு மிகச் சிறியதாக இருப்பதால் சில நேரம் உணராது, சில நேரம் குழாயில் தேங்கிய தண்ணீர் அசைவதைக் குழந்தையின் மூச்சென்று எண்ணிக் காற்றைத் தள்ளும். கசிவிருந்தால் வெளிமூச்சின் கரியமில வாயு அளவும் குறைவாகக் காட்டும். நிரல் பார்க்கும் மூன்று அளவுகளும் சிறு குழந்தையிடம் ஒன்றுபோல ஆட்டம் காண்கின்றன.

இன்னொரு வகைத் தானியங்கி, சுவிட்சர்லாந்தின் ஹாமில்டன் நிறுவனத்துடையது. அதன் அடிப்படை 1950இல் ஓட்டிஸ், ஃபென், ரான் என்ற மூன்று உடலியலாளர்கள் எழுதிய ஒரு சமன்பாடு. தேவையான காற்றை வேகமான சிறு மூச்சுகளாகவும் விடலாம், நிதானமான பெரு மூச்சுகளாகவும் விடலாம். இரண்டுக்கும் நடுவே தசைக்கு மிகக் குறைந்த உழைப்பு தரும் ஒரு வேகம் உண்டு, உடம்பு தானாகவே அதைத் தேர்ந்துகொள்கிறது என்பது அதன் சாரம். இயந்திரம் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலின் விறைப்பையும் குழாயின் தடையையும் அளந்து அந்த வேகத்தைத் தேடுகிறது. அதன் பிந்தைய வடிவம் ஆக்ஸிஜன் விகிதத்தையும் தானே மாற்றும். ஜூவே குழு 2012இல் இதைக் குழந்தைகளிடம் பரிசோதித்து, பாதுகாப்பாக இயங்குகிறது என்று எழுதியது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 15 பேர்.

இந்த ஹாமில்டன் இயந்திரத்துக்கு முதலில் கொடுக்க வேண்டிய தகவல் குழந்தையின் உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. நம்மிடம் இது சுவாரசியமான சிக்கல். அவசர சிகிச்சையில் நாடா வைத்து நீளத்தை அளந்து எடையை ஊகிக்கும் அமெரிக்க முறை, இந்தியக் குழந்தைகளின் எடையைக் கூட்டிச் சொல்கிறது என்று 2008இல் மும்பைக் குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட ஆய்வு காட்டியது. நம் பிள்ளைகள் அந்த உயரத்துக்கு மெலிந்தவர்கள். மருந்தளவுக்கு அந்த நாடா ஆபத்து. ஆனால் நுரையீரலின் கொள்ளளவு சதையைப் பொறுத்தது அல்ல, உயரத்தைப் பொறுத்தது. ஆகவே வெண்டிலேட்டருக்கு அதே நாடா பெரும்பாலும் சரியாகவே சொல்லும். ஒரே குழந்தைக்கு ஊசி மருந்துக்கு ஓர் எடை, இயந்திரத்துக்கு இன்னோர் எடை. நெரிசலான வார்டில் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருப்பவர் யார் என்பது வேறு கேள்வி.

இனி ஊருக்கு வருவோம்.

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போனால் சிப்காட் தொழிற்பேட்டை. அதன் ஓரத்தில் குடிகாடு. இரசாயன, மருந்து, பூச்சிக்கொல்லித் தொழிற்சாலைகளுக்கும் உப்பனாற்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஊர்களில் ஒன்று. 2021 மே 13 அன்று இங்கே ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் நடந்த விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். பெரிய விபத்து இல்லாத நாளிலும் இந்த ஊர்க்காரர்கள் வாடையை வைத்தே எந்த ஆலையிலிருந்து காற்று வருகிறது என்று சொல்வார்கள். 2004இல் அவர்களே வாளியையும் பிளாஸ்டிக் பையையும் வைத்துக் காற்று மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட இரசாயனங்கள் இருப்பதாக முடிவு வந்தது. அதற்குப் பிறகுதான் அரசுத் தரப்பும் இங்கே காற்றை முறையாக அளக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. அளக்காதவரை எதுவும் இல்லை என்றே கோப்பில் இருக்கும் என்பதைக் குடிகாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த ஊரில் ஒரு குழந்தைக்கு மூச்சு முட்டினால் அருகில் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் வடக்கே புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர், தெற்கே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து 2021இல் சுகாதாரத் துறைக்கு மாறி, இப்போது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கும் மருத்துவமனை. இரண்டும் ஏறத்தாழ முப்பது, நாற்பது கிலோமீட்டர். 2008இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் இந்தச் சாலையில் இரண்டு பக்கமும் ஓடுகிறது. ட்யூப் போட்ட குழந்தைக்கு வழி நெடுகப் பெரும்பாலும் மூச்சு கொடுப்பது ஆம்பு பேக் என்ற காற்றுப் பையைப் பிடித்து அழுத்தும் ஒரு கைதான்.

எந்தக் குழந்தைகள் இந்தச் சாலையில் வருகிறார்கள்? நிமோனியா, டெங்கு, குளத்தில் மூழ்கியது, வலிப்பு நிற்காதது, மண்ணெண்ணெய் குடித்தது, தேள் கொட்டியது, பாம்பு கடித்தது. இந்தப் பட்டியலில் தானியங்கி வெண்டிலேட்டருக்கு மிகப் பொருத்தமான நோயாளி யார் என்று கேட்டால் நான் கட்டுவிரியன் கடித்த குழந்தையைச் சொல்வேன். ராத்திரி தரையில் பாய் விரித்துத் தூங்கும்போது கடிக்கும். வலியோ வீக்கமோ அதிகம் இருக்காது. விடியும்போது இமை தூக்க முடியாது, அப்புறம் மூச்சுத் தசைகள் படுத்துவிடும். நஞ்சு நரம்பு முனைகளில் ஒட்டிக்கொண்ட பிறகு நஞ்சு முறிவு மருந்தால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. நரம்பு முனைகள் தாமே மீண்டும் முளைக்கும்வரை, சில நாள்கள், வெண்டிலேட்டர்தான் வைத்தியம். நுரையீரல் முழு ஆரோக்கியம், ஆக்ஸிஜன் தேவை சொற்பம், கசிவில்லாத ட்யூப் போட்டால் அளவுகள் நிலையாக இருக்கும். தசை வலு திரும்பத் திரும்ப இயந்திரம் படிப்படியாக உதவியைக் குறைக்கலாம். நியோகணேஷின் மூன்று அளவுகளும் இங்கே ஏமாற்றாது.

தேள் கொட்டிய குழந்தை நேர்மாறு. செந்தேளின் நஞ்சு இதயத்தைத் தாக்கும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். கைகால் சில்லிட்டு, விரல் நுனியில் நாடியே கிடைக்காது. இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. மகாராஷ்டிரத்தின் மஹாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர், 1980களில் பிரசோசின் என்ற மலிவான இரத்தக்கொதிப்பு மாத்திரையை இதற்குக் கொடுத்துப் பார்த்தார். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் இறந்துகொண்டிருந்த நிலை, சில சதவீதமாக இறங்கியது. சீக்கிரம் கொடுத்த மாத்திரை எத்தனையோ குழந்தைகளை வெண்டிலேட்டர் பக்கமே போகவிடாமல் தடுத்திருக்கிறது. தீவிர சிகிச்சையின் வரலாற்றை எழுதுபவர்கள் இயந்திரங்களைப் பற்றி எழுதும் அளவு இதைப் பற்றி எழுதுவதில்லை.

ஆம்பு பேக்கைப் பிடித்த கை என்றேன். வெண்டிலேட்டரின் வரலாறே அந்தக் கையில்தான் தொடங்குகிறது. 1952 ஆகஸ்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசை செயலிழந்து வந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். அவர்கள் இரத்தத்தில் கரியமிலப் பொருள் மிகுந்திருந்தது. அதைக் காரத்தன்மை கூடியதன் அடையாளம் என்று மருத்துவர்கள் எண்ணினார்கள். மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்சன், அது மூச்சு போதாமல் தேங்கிய கரியமில வாயு என்றார். 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டு, குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றுக் கொடுத்துக் காட்டினார். அடுத்த சில மாதங்கள் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் ஷிப்ட் போட்டு உட்கார்ந்து பைகளை அழுத்தினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் குறைவாக இறங்கியது. எத்தனை நாள்தான் மாணவர்களை உட்காரவைப்பது என்ற கேள்வியிலிருந்து ஐரோப்பாவின் இயந்திர வெண்டிலேட்டர்கள் பெருகின.

இந்தக் கதையை எல்லோரும் கைகளுக்காகச் சொல்வார்கள். எனக்கு அதன் மறுபாதி முக்கியம். அந்த வார்டுக்குத் தேவைப்பட்ட இரண்டாவது பொருள் இரத்தத்தின் அமிலத்தன்மையையும் கரியமில வாயுவையும் உடனுக்குடன் அளக்கும் முறை. அதே மருத்துவமனையின் ஆய்வகத்தில் இருந்த போவுல் ஆஸ்ட்ரூப் அதைச் செய்து கொடுத்தார். இன்று ஏ.பி.ஜி. என்று வார்டுகளில் சொல்லும் இரத்த வாயுப் பரிசோதனையின் வேர் அங்கே இருக்கிறது. மூச்சு கொடுப்பதும் அது போதுமா என்று அளப்பதும் ஒரே கொள்ளைநோயில், ஒரே கட்டடத்தில் வளர்ந்தவை. நம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு முதலாவது வந்துசேர்ந்த வேகத்தில் இரண்டாவது வரவில்லை.

இது ஏன் முக்கியம் என்பதை ஆக்ஸிஜனை வைத்துப் பார்க்கலாம். ஆக்ஸிஜன் குறைந்தால் உயிருக்கு ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும்; கூடினாலும் ஆபத்து என்பது தமிழ்நாட்டில் உச்ச நீதிமன்றம்வரை போன விஷயம். 1996இல் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 29 வாரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை விழித்திரைக் கோளாறால் பார்வை இழந்தது. ஆக்ஸிஜன் பெற்ற குறைமாதக் குழந்தைக்குச் செய்ய வேண்டிய கண் பரிசோதனை செய்யப்படவில்லை என்று 2015 ஜூலையில் தீர்ப்பு வந்தது. இழப்பீடு சுமார் 1.8 கோடி ரூபாய். குறைமாதக் குழந்தைகளிடம் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளும் இந்த இரு பக்க ஆபத்தையே காட்டுகின்றன: இரத்தத்தில் ஆக்ஸிஜன் செறிவை 85இலிருந்து 89 சதவீதத்துக்குள் வைத்தால் இறப்பு கூடுகிறது, 91இலிருந்து 95க்குள் வைத்தால் கண் பாதிப்பு கூடுகிறது. பெரிய குழந்தைகளுக்கும் குறுகிய பட்டைதான் நல்லது போலிருக்கிறது. பிரிட்டனின் 15 குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2,040 குழந்தைகளிடம் நடந்து 2023 டிசம்பரில் வெளியான ஆய்வில், செறிவை 88இலிருந்து 92க்குள் வைத்தவர்கள் 94க்கு மேல் வைத்தவர்களைவிடச் சற்றே நன்றாக இருந்தார்கள்.

நாலு சதவீதப் பட்டைக்குள் நாள் முழுக்க ஒரு குழந்தையை வைத்திருப்பது மனிதக் கையால் ஆகாத காரியம். சளி உறிஞ்சும்போது ஒருமுறை இறங்கும், ஆக்ஸிஜனைக் கூட்டுவார்கள், பிறகு குறைக்க மறந்துவிடுவார்கள். மானிட்டர் 100 என்று காட்டினால் யாருக்கும் பயமில்லை. அலாரம் அடிப்பது இறங்கும்போதுதான். இதைத் தானியங்கியிடம் விடுவதே புத்திசாலித்தனம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அந்தத் தானியங்கிக்குக் கண் எது? குழந்தையின் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர்.

1974இல் ஜப்பானின் தகுவோ ஆவோயாகி கண்டுபிடித்த அந்தச் சிறு கருவி தோலுக்குள் ஒளியைச் செலுத்தி இரத்தத்தின் நிறத்தை அளக்கிறது. கறுத்த தோலின் நிறமி அந்த ஒளியில் குறுக்கிடுகிறது. 2020இல் அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து வந்த ஆய்வு இதை எண்களில் காட்டியது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், இரத்தத்தை எடுத்து நேரடியாக அளந்தபோது 88க்குக் கீழே இருந்தவை கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களில் 3.6 சதவீதம். கருவி நன்றாக இருக்கிறது என்று சொன்னபோது கறுப்பின நோயாளிகளில் எட்டு, ஒன்பது பேருக்கு ஒருவர் மூச்சுக்கு ஏங்கிக்கொண்டிருந்தார். பிரிட்டிஷ் ஆய்வின் 88க்கும் 92க்கும் இடைப்பட்ட பட்டையை அப்படியே எடுத்து, கடற்கரை வெயிலில் கறுத்த கடலூர்ப் பிள்ளையின் விரலில் மாட்டினால், திரை 90 காட்டும்போது உண்மை எங்கே இருக்கும்? ஒரு மனிதர் பார்த்தால் உதடு நீலம் பாய்ந்திருப்பதைக் கவனிக்க வாய்ப்புண்டு. மூடிய சுற்றில் இயங்கும் நிரல், 90 என்றால் திருப்தியோடு ஆக்ஸிஜனைக் கூட்டாமல் விட்டுவிடும். தேள்கடியிலும் டெங்கு அதிர்ச்சியிலும் விரல் சில்லிட்டுவிட்டால் கருவிக்கு நாடியே கிடைக்காது; அது வேறு பிரச்சினை, ஆனால் அதே கண்ணின் பிரச்சினை.

கையின் வேலையைத் தானியங்கி ஏற்றுக்கொள்ளலாம். கண்ணின் வேலையை அதனால் ஏற்க முடியாது. கைகள் குறைந்த இடத்தில் பெரும்பாலும் கண்களும் குறைவு என்பதுதான் சங்கடம்.

மலிவான ஓர் இயந்திரம் இதை ஏற்கெனவே நிரூபித்துவிட்டது. குழந்தையின் மூக்கில் குழாய் வைத்து, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் அமிழ்த்தி, குமிழி வரும் அழுத்தத்தில் ஆக்ஸிஜன் கொடுக்கும் பபிள் சீபேப் முறை. டாக்காவில் நிமோனியாக் குழந்தைகளிடம் இதைச் செய்து பார்த்து 2015இல் வெளியிட்டார்கள்: வழக்கமான ஆக்ஸிஜனில் 15 சதவீதம் இறந்தபோது, இதில் 4 சதவீதம். உலகம் கொண்டாடியது. பிறகு ஆப்பிரிக்காவின் மலாவியில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் 644 குழந்தைகளிடம் அதே முறை. 2019இல் வந்த முடிவு தலைகீழ்: குமிழிக் குழுவில் 17 சதவீதம் இறப்பு, மற்றதில் 11. டாக்காவில் பயிற்சி பெற்ற மருத்துவர்களும் நர்ஸுகளும் பக்கத்திலேயே இருந்தார்கள். மலாவியில் மருத்துவர் கண்காணிப்பு அந்த அளவுக்கு இல்லை. தண்ணீர் பாட்டில் இரண்டு இடத்திலும் ஒன்றேதான்.

நம்மிடம் இயந்திரம் இல்லாமலில்லை. கோவிட் காலத்தில் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 வெண்டிலேட்டர்களுக்கு ஆர்டர் போனது; 2021 மே மாதம், வந்தவை பல இடங்களில் சும்மா கிடக்கின்றன என்ற புகார் பெருகி, அவை நிறுவப்பட்டு ஓடுகின்றனவா என்று தணிக்கை செய்யப் பிரதமரே உத்தரவிட நேர்ந்தது. வெண்டிலேட்டர் வாங்குவது படம் எடுத்துப் போடக்கூடிய செலவு. குழந்தையின் ட்யூப் முனையில் மாட்டும் ஃப்ளோ சென்சார் அப்படியில்லை. அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒருமுறை பயன்படுத்தியதும் தூக்கிப்போட வேண்டியதைக் கழுவிக் கழுவி மாட்டும் வழக்கம் நாடெங்கும் உண்டு. சளி படிந்த சென்சார் தவறான எண்ணைத் தரும். டாக்டர் எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும்போது அது ஒரு தவறு. நிரல் அந்த எண்ணை வைத்து ஒவ்வொரு மூச்சையும் மாற்றும்போது அது விடியும்வரை தொடரும் தவறு.

மின்சாரத்தைப் பற்றிக் கடலூர்க்காரர்களிடம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையில் ஏறியபோது கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. வெண்டிலேட்டரின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல், கடைசியில் மறுபடியும் ஆம்பு பேக்.

இவ்வளவும் சொன்னதால் தானியங்கி வேண்டாம் என்று நான் வாதிடுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரிட்டனில் 18 குழந்தைகள் பிரிவுகளில் நர்ஸுகளை முன்னிறுத்தி, இன்று இந்தக் குழந்தையை விடுவிக்கலாமா என்று தினமும் கேட்டுச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2021இல் வெளியான அதன் முடிவில் வெண்டிலேட்டர் நேரம் ஏறத்தாழ 6 மணி குறைந்தது. அவ்வளவு ஆள்பலம் உள்ள நாட்டிலேயே ஒருவர் ஒழுங்காகக் கேட்டதற்கு ஆறு மணி நேரம் கிடைக்கிறது. இங்கே ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு நிரல் அதைவிட அதிகம் தரக்கூடும் என்று நினைக்க நியாயமிருக்கிறது. இதே இயந்திரத்துக்காகக் காத்துக்கிடக்கும் அடுத்த குழந்தைக்கு அந்த மணி நேரம் உயிர்.

ஆனால் அதை மொன்றியாலிலிருந்து வரும் சிறு ஆய்வுகளை வைத்து ஊகிக்க வேண்டியதில்லை. சிதம்பரம், ஜிப்மர், எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை மூன்றும் சேர்ந்தால் இரண்டு ஆண்டுகளில் விடை சொல்லிவிடும் அளவுக்கு இங்கே நோயாளிகள் இருக்கிறார்கள். முதலில் பாம்புக்கடி, நரம்பு வாதம் போன்ற நுரையீரல் நல்ல நிலையில் உள்ள குழந்தைகள். அதில் தேறினால் நிமோனியா. டெங்குவும் தேள்கடியும் கடைசியில். ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை குழந்தைக்கு எத்தனை நர்ஸ் இருந்தார் என்பதையும் நோயாளியின் இரத்த அழுத்தத்தைப் போலக் குறித்துவைக்க வேண்டும். மேலை ஆய்வுகளில் அது முதன்மைக் கேள்வியாக இருக்கவில்லை. இங்கே அதுதான் முதல் கேள்வி. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் காட்டும் எண்ணோடு குழந்தையின் தோல் நிறத்தையும் பதிவுசெய்து, ஷிப்டுக்கு ஒருமுறையாவது தமனி இரத்தத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். அதற்கு ராத்திரியிலும் ஓடுகிற ஒரு ஏ.பி.ஜி. மெஷின் வார்டிலேயே வேண்டும். அதற்கான கார்ட்ரிட்ஜ் மார்ச் மாதத்தில் தீர்ந்துபோய் ஜூனில் வருவதாக இருக்கக் கூடாது.